காய்ச்சல் இல்லாத மூளைக் காய்ச்சல்

ஒவ்வொரு வருடமும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் ரொறன்ரோவில் எம்மவர்களின் வருமானவரிப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது என் தொழில். மருத்துவச் செலவுக்கு வரிச்சலுகை கேட்பவர்கள், வருடம் முழுவதும் சேர்த்த மருந்துக்கடைப் பற்றுச்சீட்டுகளை ஒரு பிளாஸ்ரிக் பையில் கொண்டுவந்து மேசையில் கொட்டுவார்கள். அவற்றைப் பிரித்துக் கூட்டும்போது மருந்துகளின் பெயர்கள் கண்ணில் படத்தான் செய்யும். முன்பெல்லாம் சீனி வருத்தத்துக்கும் பிறஷருக்கும் கொலஸ்ரரோலுக்கும் உரிய குளிசைகளே அதிகம். இப்போது டக்ரோலிமஸ், மைகோஃபெனோலேற், பிரெட்னிசோன், மெதோட்ரெக்சேற் என்ற பெயர்களும் அடிக்கடி வருகின்றன. வைத்திருப்பவர்கள் சிறுநீரகம் மாற்றியவர்கள், மூட்டுவாதக்காரர், லூபஸ் நோயாளர். "இது என்னத்துக்கு?" என்று கேட்டால் "கிட்னிக்கு", "மூட்டுக்கு" என்பார்கள். அந்தப் பதில் பிழையில்லை. ஆனால் இந்த மருந்துகள் அத்தனையும் செய்வது ஒரே வேலையைத்தான்: உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைப்பது. இந்த இரண்டாவது பாதி பல குடும்பங்களுக்குத் தெரியாது.

நான் வைத்தியர் அல்ல, வணிகத்துறைப் பட்டதாரி. சிறுநீரகம் மாற்றிய என் அத்தானுடன் பல வருடங்களாகக் கிளினிக்குக்கு மொழிபெயர்க்கப் போய்வந்ததில், கேட்டும் வாசித்தும் அறிந்ததை எழுதுகிறேன். எழுதக் காரணம் உண்டு. தென்னாசியர்களான எமக்கு நீரிழிவு அதிகம். நீரிழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. ஆகவே மாற்றுச் சிறுநீரகத்துடன் வாழ்பவர்கள் எம்மிடையே கூடிக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்கு வரக்கூடிய ஆபத்துகளில் அரிதானதும், வந்தால் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டியதுமான ஒன்று, மூளையில் வைரஸ் தொற்று. அரிதானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை வாசித்துவிட்டு யாரும் இரவில் நித்திரை கொள்ளாமல் இருக்க வேண்டாம்.

எம்மவர்கள் இதை மூளைக் காய்ச்சல் என்பார்கள். பெயரிலேயே காய்ச்சல் இருப்பதால் உடம்பு சுடும், தலை வெடிக்கும், வலிப்பு வரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறோம். சாதாரண உடம்பில் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் காய்ச்சலை உண்டாக்குவது கிருமி அல்ல, எமது உடம்பு. கிருமியைக் கண்டதும் எதிர்ப்புச் சக்தி அடிக்கும் மணிதான் காய்ச்சல். கடையில் களவு நடந்தால் கணக்குப் பரிசோதகர் கண்டுபிடித்துச் சத்தம் போடுவார். பரிசோதகருக்கே பாதிச் சம்பளம் கொடுத்து வீட்டில் இருத்திவிட்டால் களவு நிற்காது, சத்தம்தான் நிற்கும். மாற்று உறுப்பை உடம்பு 'இது எனது அல்ல' என்று தாக்காமல் இருப்பதற்காக இந்தக் குளிசைகள் வேண்டுமென்றே செய்யும் வேலை அது. ஆகவே இவர்களுக்கு மூளையில் தொற்று வந்தாலும் உடம்பு சுடாமல் இருக்கலாம், கழுத்து விறைக்காமல் இருக்கலாம், இரத்தப் பரிசோதனை அமைதியாக இருக்கலாம். வெளியே தெரிவது ஆளில் ஏற்படும் மாற்றம் மட்டுமே. பேச்சுத் தடுமாறும். நேற்றுச் சொன்னது நினைவில் இருக்காது. கலகலப்பான மனிதர் சுவரைப் பார்த்தபடி இருப்பார், சாதுவானவர் சண்டை பிடிப்பார்.

எல்லா மருந்தும் ஒரே அளவில் இதைச் செய்வதில்லை. மூட்டுவாதத்துக்குக் கிழமையில் ஒரு தடவை எடுக்கும் சிறிய அளவு மெதோட்ரெக்சேற்றையும், மாற்றுச் சிகிச்சை முடிந்த முதல் மாதங்களில் கொடுக்கும் மருந்துகளையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. புற்றுநோய் மருந்து, எலும்பு மச்சை மாற்று, ரிட்டுக்சிமாப் ஊசி ஆகியவை கனமான பக்கத்தில் வருவன. தங்கள் மருந்து எந்தப் பக்கம் என்பதைக் குடும்ப வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்வது ஐந்து நிமிட வேலை.

இனிக் கிருமிகளுக்கு வருவோம். அதிகமானவை வெளியிலிருந்து வருவன அல்ல, எங்களுக்குள்ளேயே படுத்திருப்பவை. கொப்பளிப்பான் வந்து மாறியபின் அந்த வைரஸ் போய்விடுவதில்லை, நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருக்கிறது. எதிர்ப்புச் சக்தி தளரும்போது அக்கியாக எழும்பும். பலவீனமான உடம்பில் அது மூளைக்கும் போகும், மூளையின் இரத்தக் குழாய்களைப் பாதித்துப் பாரிசவாதமாகவும் வெளிப்படும். சில சமயம் தோலில் ஒரு கொப்புளம்கூட இருக்காது. உதட்டில் புண்ணாக வரும் ஹெர்பிஸ் வைரஸும் இதே இனந்தான். அது மூளையின் பக்கப் பகுதியைத் தாக்கும்போது நினைவும் பேச்சும் குழம்பும், இல்லாத மணங்கள் மணக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் பத்துப் பேரில் ஏழு பேர் வரை இறந்துவிடுவார்கள். அசைக்ளோவிர் என்ற மருந்து இந்தக் கணக்கை மாற்றியது. 1986இல் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வில், பழைய மருந்து பெற்றவர்களில் 54 சதவீதமானோரும் அசைக்ளோவிர் பெற்றவர்களில் 28 சதவீதமானோரும் இறந்தனர். ஆகவேதான் சந்தேகம் வந்தவுடனேயே, முடிவு வரும்வரை காத்திராமல், வைத்தியர்கள் இந்த மருந்தை நாளத்தில் ஏற்றத் தொடங்குகிறார்கள். "இன்னும் என்ன வருத்தமெண்டே தெரியாது, அதுக்குள்ள மருந்து ஏத்துகினம்" என்று கோபிக்கும் உறவினர்களைக் கண்டிருக்கிறேன். தெரியுமுன் ஏற்றுவதில்தான் அந்த மருந்தின் பெறுமதி இருக்கிறது.

எலும்பு மச்சை மாற்றியவர்களுக்கு ஆறாம் இலக்க ஹெர்பிஸ் வைரஸ் என்று இன்னொன்று உண்டு. குழந்தைகளுக்கு மூன்று நாள் காய்ச்சலும் தடிப்பும் தந்துவிட்டுப் போகும் சாதாரணக் கிருமி. மாற்று முடிந்த சில கிழமைகளில் இது எழும்பினால், சற்றுமுன் நடந்ததைக்கூட நினைவில் வைக்க முடியாத நிலை வரும்.

கொஞ்சம் நின்று பேச வேண்டியது ஜே.சி. வைரஸ். ஜே.சி. என்பது, எவருடைய மூளையிலிருந்து 1971இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் இது பிரித்தெடுக்கப்பட்டதோ அந்த நோயாளியின் முதலெழுத்துகள். வளர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் உடம்பில் இது இருக்கிறது. ஒளிந்திருக்கும் இடங்களில் ஒன்று சிறுநீரகம். ஆயுள் முழுவதும் ஒரு தொந்தரவும் தராது. எதிர்ப்புச் சக்தி நீண்டகாலம் தாழ்ந்திருந்தால் மட்டும் சிலருக்கு மூளைக்கு ஏறி, நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள உறையை உண்டாக்கும் கலங்களை அழிக்கும். மின்கம்பியின் மேலுறையை எலி அரிப்பதுபோல. வைத்தியர்கள் பி.எம்.எல். என்று சுருக்கிச் சொல்லும் இந்த நோய் முதலில் விவரிக்கப்பட்டது 1958இல். அப்போது அது புத்தகத்தில் மட்டும் இருந்த நோய். 1980களில் எயிட்ஸ் வந்தபின்தான் வைத்தியர்கள் இதை அடிக்கடி காணத் தொடங்கினார்கள்.

இது ஒரே நாளில் வருவதில்லை. ஒரு கை மெல்ல மெல்லச் சோரும். தேநீர்க் கோப்பை தவறும். பார்வையின் ஒரு பக்கம் மறையும். நடை சரியும். கிழமைக் கணக்கில் கூடிக்கொண்டு போகும். காய்ச்சல் இராது, தலையிடிகூட இல்லாமல் இருக்கலாம். வயது போய்விட்டது என்று சொல்லிவிட எல்லா வசதியும் உண்டு.

இந்த வைரஸுக்கு மருந்து இல்லை. எதிர்ப்புச் சக்தியை மீட்டுக் கொடுப்பதுதான் ஒரே சிகிச்சை. அதிலும் ஒரு சிக்கல்: திரும்பி வந்த எதிர்ப்புச் சக்தி ஒரே மூச்சில் வைரஸைத் தாக்கும்போது மூளை வீங்கி, நோயாளியின் நிலை முன்னரைவிட மோசமாகலாம். பல வருடக் களவைக் கண்டுபிடித்த பரிசோதகர் கடையையே உடைத்துத் தேடுவதுபோல.

நற்றாலிசுமாப் என்ற ஊசியின் கதை இங்கே சொல்லத் தக்கது. நரம்பு உறைகளை உடம்பே தாக்கும் மல்ரிப்பிள் ஸ்கிளெரோசிஸ் நோய்க்கான மருந்து அது. எதிர்ப்புக் கலங்கள் மூளைக்குள் நுழைவதையே தடுக்கும். 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூன்றே மாதத்தில், 2005 பெப்ரவரியில், பரிசோதனையில் பங்குபற்றியவர்களுக்கு பி.எம்.எல். வந்தது தெரியவந்து விற்பனை நிறுத்தப்பட்டது. 2006இல் கடுமையான நிபந்தனைகளுடன் திரும்பவும் வந்தது. காரணம், அந்த நோயாளர்களுக்கு அவ்வளவு பயன் தந்த மருந்து அது. இன்று தொடங்குமுன் இரத்தத்தில் ஜே.சி. வைரஸுக்கான எதிர்ப்பொருள் உண்டா என்று பார்த்து, எத்தனை வருடம் மருந்து எடுத்தார், முன்னர் வேறு எதிர்ப்புச்சக்தி குறைக்கும் மருந்து எடுத்தாரா என்பதையும் சேர்த்து ஆபத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரு கணக்காளனாக எனக்கு இந்த அணுகுமுறை பிடிக்கும். ஆபத்து உண்டு என்று மருந்தைத் தூக்கி எறியவுமில்லை, பயன் உண்டு என்று ஆபத்தை மறைக்கவுமில்லை.

வெளியிலிருந்து வருவனவற்றில் ஒன்று எங்கள் வீட்டுப் பின்வளவிலேயே இருக்கிறது. மேற்கு நைல் வைரஸ் நுளம்பால் பரவுவது. ஒன்ராறியோவில் 2001இல் பறவைகளில் கண்டார்கள், 2002இல் மனிதர்களுக்கு வந்தது. தொற்றியவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு ஒன்றும் தெரியாது. மூளை, நரம்பு பாதிக்கப்படுவது ஏறக்குறைய 150 பேரில் ஒருவருக்கு. இப்போது எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் கணக்கைப் பாருங்கள். 2002 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், இறந்த ஒருவரின் உறுப்புகள் நான்கு பேருக்குப் பொருத்தப்பட்டன. அவரைக் காப்பாற்ற முயன்றபோது ஏற்றப்பட்ட இரத்தத்தில் இந்த வைரஸ் இருந்திருக்கிறது. உறுப்புப் பெற்ற நால்வருக்கும் தொற்றியது. மூன்று பேருக்கு மூளை அழற்சி வந்தது, அவர்களில் ஒருவர் இறந்தார். நால்வரை வைத்துச் சதவீதம் போட முடியாதுதான். ஆனாலும் 150இல் ஒன்று எங்கே, நான்கில் மூன்று எங்கே? அடுத்த வருடமே அமெரிக்காவிலும் கனடாவிலும் தானமாகப் பெறும் இரத்தத்தை இந்த வைரஸுக்குப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். இரத்த வழி அடைக்கப்பட்டது, நுளம்பு வழி திறந்தே கிடக்கிறது. ஆகஸ்ட், செப்டெம்பர் மாலைகளில் பின்வளவில் கதிரை போட்டு இருக்கும் மாற்றுச் சிகிச்சைக்காரர், நீளக்கை சட்டை போட்டு, நுளம்பு விரட்டும் மருந்தும் பூசுவது நல்லது. பூச்சாடித் தட்டுகளில் தேங்கும் தண்ணீரையும் ஊற்றிவிடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த இனத்தவருக்கும் பொருந்தும். எங்களுக்கென்றே உள்ள பிரச்சினை அவசர சிகிச்சைப் பிரிவில் தொடங்குகிறது.

ஆங்கிலம் தெரியாத ஒரு தாயாரைக் கூட்டிக்கொண்டு போகிறோம். வைத்தியர் கேட்கிறார்: எப்படி இருக்கிறீர்கள், இன்று என்ன கிழமை? தாயார் சொல்கிறார்: "மழைக்குள்ள திறப்பைக் காயப்போட்டனான், அவன் இன்னும் வரேல்ல." பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளைக்கு அது விளங்கவில்லை. அல்லது அம்மம்மா அப்படிக் கதைப்பது வெட்கமாக இருக்கிறது. பிள்ளை ஆங்கிலத்தில் சொல்கிறது: கொஞ்சம் களைப்பாக இருக்கிறாவாம். வைத்தியர் 'களைப்பு' என்று எழுதிக்கொள்கிறார். நோயின் ஒரே அறிகுறி அந்த வாக்கியத்தில்தான் இருந்தது. மொழிபெயர்ப்பு அதை அழித்துவிட்டது.

வேண்டுமென்று யாரும் இதைச் செய்வதில்லை. உடைந்த வாக்கியத்தைத் திருத்திச் சொல்வது மொழிபெயர்ப்பவரின் இயல்பு. தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களும் சில சமயம் செய்வார்கள். அத்தானுக்காகப் போகும்போது நான் வைத்திருக்கும் விதி, அவர் சொல்வது அர்த்தமில்லாமல் இருந்தால் அதை அர்த்தமில்லாமலே சொல்வது. "அவர் சொன்ன சொற்கள் இவை, தமிழிலும் இதற்குப் பொருள் இல்லை" என்று சேர்த்துச் சொன்னால் வைத்தியர் நிமிர்ந்து பார்ப்பார். சொற்கள் தேடுகிறாரா, ஒரு சொல்லுக்கு வேறு சொல் வருகிறதா, கேள்வியையே திருப்பிச் சொல்கிறாரா, இவை தமிழ் தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும். தமிழ் தெரியாத வைத்தியருக்கு, பேசாமல் இருக்கும் ஒரு தமிழ் மூதாட்டி ஆங்கிலம் தெரியாமல் பேசாமல் இருக்கிறாரா, பேச்சே போய்விட்டதா என்று பிரித்தறிய வழி இல்லை.

இன்னொரு திரையும் உண்டு. எங்களில் பலர் யுத்தத்தைக் கடந்து வந்தவர்கள். ஒருவர் திடீரென்று பேசாமல் இருந்தால் "நாட்டு யோசினை", "தம்பியின்ர நினைவு வந்திட்டுது" என்று நாங்களே காரணம் கண்டுபிடித்துவிடுகிறோம். துயரத்துக்கும் நினைவுக்கும் பல வருடப் பழக்கம் உண்டு. ஆனால் மூன்று நாளுக்குள் ஒருவர் ஆள் மாறிப்போவது துயரத்தின் வேலையாக இருக்க வாய்ப்புக் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: போன கிழமை இருந்தவர்தானா இவர்? பேரப்பிள்ளைகளின் பெயர்களைக் கேளுங்கள். சித்திரையிலிருந்து மாதங்களை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். முன்பு முடிந்தது இப்போது முடியவில்லை என்றால் 911தான். விடியட்டும் என்று இருக்க வேண்டாம். அங்கே போனதும் சொல்ல வேண்டிய முதல் வசனம், "இவருக்கு மாற்றுச் சிறுநீரகம், இன்னின்ன மருந்து எடுக்கிறார், இத்தனை மணியிலிருந்து ஆள் மாறியிருக்கிறார்" என்பது. குழப்பத்துக்குக் காரணம் தொற்றாக இல்லாமலும் போகலாம். பாரிசவாதமாக இருக்கலாம், இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கலாம், டக்ரோலிமஸ் அளவு கூடினால்கூட நடுக்கமும் குழப்பமும் வரும். அவை எதுவும் வீட்டில் பிரித்தறியக் கூடியவை அல்ல.

வைத்தியசாலையில் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். அதற்கு யாரும் மறுப்பதில்லை. அடுத்தது முதுகில் ஊசி குத்தி முள்ளந்தண்டு நீர் எடுப்பது. இதற்குத்தான் எம்மவர்கள் கையெழுத்து வைக்கப் பயப்படுவார்கள். "முதுகில ஊசி போட்டா கால் இழுத்துப்போடும்" என்பது ஊரில் இருந்தே வந்த பயம். உண்மையில் ஊசி குத்தும் இடம் இடுப்புக்கு நேரே, முண்ணாண் முடிந்தபின் கீழே உள்ள பகுதி. அங்கே இருப்பது நீரில் மிதக்கும் நரம்பு இழைகள், அவை ஊசிக்கு விலகிக் கொடுக்கும். பிறகு இரண்டு மூன்று நாள் தலையிடி வரலாம், முதுகு நோகலாம். கால் இழுப்பது மிக மிக அரிது. இந்த நோயாளர்களிடம் அந்த நீருக்கு இன்னும் கூடிய முக்கியத்துவம் உண்டு. சாதாரணமானவரின் நீரில் வெள்ளைக் கலங்கள் கூடியிருப்பதை வைத்தே தொற்றைச் சந்தேகிப்பார்கள். இவர்களுக்கு, அழற்சியே அடக்கப்பட்டிருப்பதால், கலங்கள் கூடாமலும் இருக்கலாம். எதிர்ப்பொருள் பரிசோதனையும் ஏமாற்றலாம், எதிர்ப்பொருளை உண்டாக்கும் ஆற்றல்தானே குறைந்திருக்கிறது. ஆகவே வைரஸின் மரபுப் பொருளையே நேரே தேடும் பி.சி.ஆர். பரிசோதனை வேண்டும். அதற்கு நீர் வேண்டும்.

குடும்பத்துக்குள் பெரிய தகராறு வருவது இதற்குப் பிறகு. தொற்று உறுதியானால், நிலைமையைப் பார்த்து, எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மருந்துகளை வைத்தியர்கள் குறைக்கலாம், சிலவற்றை நிறுத்தலாம். அப்படிச் செய்தால் மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்கக்கூடும். அந்தச் சிறுநீரகம் சும்மா வந்ததல்ல. தங்கச்சி கொடுத்ததாக இருக்கும், மனைவி கொடுத்ததாக இருக்கும். கொடுத்தவர் கட்டிலருகே நிற்பார். "அவள் தந்ததைப் பழுதாக்கவோ?" என்ற கேள்வி எழும். வைத்தியர்களின் கணக்கு வேறு. சிறுநீரகம் போனால் டயலிசிஸ் இயந்திரம் இருக்கிறது, திரும்பவும் பட்டியலில் பெயர் போடலாம். மூளைக்கு அப்படி ஒரு இயந்திரம் இல்லை. கொடுத்தவருக்கும் இதைத் தமிழில் ஆறுதலாக விளங்கப்படுத்த யாராவது ஒருவர் இருக்க வேண்டும். அதே சமயம், இதை வாசித்துவிட்டு மூளைக்குப் பயந்து தாங்களாகவே குளிசையை நிறுத்துவது, வராத நோய்க்காக இருக்கும் சிறுநீரகத்தை இழப்பது. குறைப்பதும் கூட்டுவதும் கிளினிக்கின் வேலை.

முன்கூட்டியே செய்யக்கூடியது தடுப்பூசி, அதற்குக் கால ஒழுங்கு முக்கியம். கொப்பளிப்பான், சின்னமுத்து தடுப்பூசிகளில் பலவீனப்படுத்தப்பட்ட உயிருள்ள வைரஸ் இருக்கிறது. மாற்றுச் சிகிச்சைக்கு முன் போடலாம், பின் பொதுவாகப் போட மாட்டார்கள். குளிர்நாடுகளில் கொப்பளிப்பான் சிறுவயதிலேயே வந்துவிடும். எங்களைப்போல வெப்பநாட்டில் வளர்ந்தவர்களில் வயது வந்தபின்னும் அது வராதவர்கள் அதிகம். ஆகவே சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் காலத்திலேயே இரத்தத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம். அக்கிக்கான ஷின்கிறிக்ஸ் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, மாற்றுக்குப் பின்னும் போடலாம். சின்னமுத்து எங்கோ போய்விட்டது என்று நினைத்திருந்தோம். 2025 நவம்பரில், அந்த நோயை ஒழித்த நாடு என்ற தகுதியைக் கனடா இழந்தது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்குச் சின்னமுத்து தொற்றினால் சில மாதங்களின் பின் வலிப்பும் மயக்கமுமாக மூளையைத் தாக்கலாம், முன்னர் தடிப்பே வராமல் இருந்திருந்தாலும். அவருக்கு ஊசி போட முடியாத நிலையில் அவருக்குள்ள வேலி, வீட்டில் மற்ற எல்லோரும் போட்டிருப்பது.

ஊருக்குப் போகிறவர்கள் விமானச் சீட்டு எடுக்குமுன் கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும். இலங்கையில் நுளம்பால் பரவும் ஜப்பானிய மூளை அழற்சி உண்டு, 1985இல் அநுராதபுரப் பக்கம் பெரிதாகப் பரவியது. அங்கே பிள்ளைகளுக்குப் போடுவது உயிருள்ள வைரஸ் கொண்ட தடுப்பூசி. கனடாவில் கிடைப்பது உயிரற்றது. மாற்றுச் சிகிச்சைக்காரர் போடுவதானால் இங்கேயே போட்டுக்கொண்டு போக வேண்டும். நாய் கடித்தால், கீறினால்கூட, சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மாற்றுச் சிகிச்சைக்காரர் என்பதை அங்கேயும் முதலில் சொல்ல வேண்டும். சாதாரணமானவருக்குக் கனடாவில் விசர்நாய்க் கடிக்கு நான்கு ஊசி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு ஐந்து. கூடவே எதிர்ப்பொருள் ஊசியும் போடுவார்கள்.